பொத்தாத கிழிசல்

"கிலுக்கும் ஒரு வாத்தியந்தானே, மார்கிறட்."

"இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"அதைக் கிலுக்கிறதுக்கும் ஒரு கணக்கு வேணும். உம்மட பொடியனுக்குத் தாளம் தெரியும். அதாலதான் அவனிட்டக் குடுக்கச் சொல்லிக் கொண்டந்தனான்."

"பிறகேன் மாஸ்ரர், என்ர முகத்தைப் பாக்காமல் சொல்லுறியள்?"

சந்தியாப்பிள்ளை மாஸ்ரர் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் இருந்தார். கையில் வெறுந்தேத்தண்ணி. சீனி கண்டு மாதங்களாகிவிட்ட காலம். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தார். முல்லைத்தீவுக் கரையில் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். சனம் இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்தபோது, குழுவில் மிஞ்சியவர்களைத் தேடிப்பிடித்து, கிடுகும் தறப்பாளும் போட்ட கொட்டில் கோயிலில் திரும்பவும் பாட வைத்தவரும் அவர்தான். அந்தோனியார் பெருநாள் வந்துகொண்டிருந்தது. இடம்பெயர்ந்த பிறகு வருகிற முதல் பெருநாள்.

"கிற்றார் கோயில் பங்கின்ர சொத்து" என்றார் மாஸ்ரர். "சூசையின்ர மகன் ஒரு அளவுக்குப் பிடிப்பான். கையில குடுத்தால்தானே பழகலாம். வாற சனி பின்னேரம் வந்து எடுக்கிறன்."

மாஸ்ரர் எழும்பி, குலுக்கினால் சலங்கை மாதிரிச் சத்தம் போடும் கிலுக்கை மீன்பெட்டியின் மேல் வைத்தார். அது சிலுங் என்று ஒரு சத்தம் போட்டது.

வேலிக்கு அந்தப்பக்கம் கச்சான்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த றொமேஸ் எல்லாவற்றையும் கேட்டான். மார்கிறட்டின் மகன், இருபத்திரண்டு வயது, பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்தவன். முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்ட அன்று முள்ளியவளைப் பக்கம் விழுந்த ஷெல், அவனுடைய இடக்கையில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்விட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவன் அவன். கிற்றாரில் ஒரு கீறலும் இல்லை.

"கேட்டனியோ?" என்றாள் தாய்.

"ஓம்."

"என்ன சொல்லுறாய்?"

"சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு."

"நாள் கிடந்து? விரல் முளைக்குமோ?"

"விரல் வேண்டாத வாசிப்பு ஒண்டு இருக்கு அம்மா."

"மெல்லமாக் கதை. வளவுக்காரர் படுத்திருப்பினம்."

வளவு சுடலைமுத்துவுடையது. மலையகத்திலிருந்து எழுபதுகளில் வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். தானும் ஒருகாலத்தில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர் என்பதாலோ என்னவோ, மார்கிறட்டின் புருசன் யாக்கோப்பு குடும்பத்தோடு வந்து படலையில் நின்றபோது ஒரு கேள்வியும் கேட்காமல் கொட்டில் போட இடம் காட்டினார். அவர் ஒருநாளும் "சத்தம் போடாதீங்க" என்று சொன்னதில்லை. மார்கிறட்தான் தானாகச் சொல்லிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டிலில் சட்டி பானை கூட மெல்லமாகத்தான் வைக்கப்பட்டன.

விரல் வேண்டாத வாசிப்பு ஒரு கசற்றிலிருந்து வந்தது. மார்கிறட்டின் தமக்கை மகன் ஜேர்மனியிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து, வவுனியா வழியாக வந்த ஒருவரிடம் கொடுத்து விட்டிருந்தான். "சித்தி, நான் நல்ல சுகம். இஞ்ச சரியான குளிர். சித்தப்பா கடலுக்குப் போறாரோ? றொமேசின்ர கை எப்பிடி?" என்று தொடங்கி, இடையில் இரண்டு தரம் அழுது, "சரி சித்தி, வைக்கிறன்" என்று முடிப்பான். புதுக் கசற் வாங்கக் காசில்லாமலோ, அவசரத்திலோ, ஏற்கெனவே பாட்டுப் பதிந்திருந்த கசற்றின் மேலேயே பேசியிருந்தான். "வைக்கிறன்" என்றவுடன், அவன் பேசி அழிக்காமல் விட்ட மிச்சப் பாட்டு, தறப்பாளை இரண்டு பேர் பிடித்துக் கிழித்தது மாதிரி ஒரு கிற்றாரோடு பாய்ந்து வரும். மார்கிறட் முதல் தரம் கேட்டபோது, "ஐயோ நாடா சிக்கிப் போச்சு" என்று அந்தரப்பட்டு நிற்பாட்டினாள். அதன் பிறகு "வைக்கிறன்" வந்ததும் அவளுடைய கை பொத்தானில் இருக்கும்.

றொமேஸ் மட்டும் அதற்குப் பிறகு வருவதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். பற்றறி எங்கே வாங்குவது? பற்றறி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் தடை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, மிதித்து மிதித்துத்தான் ஊர் முழுக்க றேடியோ கேட்டது. மிதிக்கிறவர் சுடலைமுத்து. அவருடைய சைக்கிள், அவருடைய கால்.

"தம்பி, இது பாட்டா, இல்ல மில்லுல நெல்லு குத்துறாங்களா?"

"பாட்டுத்தான் மாமா. வடிவாக் கேளுங்கோ. உவன் எத்தினை சுரம் பிடிக்கிறான் எண்டு நினைக்கிறியள்?"

"நான் என்னாத்தக் கண்டேன். நூறு இருக்கும்."

"ரெண்டு. ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல பிடிச்சால் எல்லாம் குழம்பிச் சேறாப்போகும். கீழ்க்கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ஒரு விரலைக் குறுக்க வைச்சாலே காணும்."

சுடலைமுத்து மிதிப்பதை நிறுத்தி அவனுடைய இடக்கையைப் பார்த்தார். பிறகு திரும்ப மிதிக்கத் தொடங்கினார்.

ஆனால் ஒரு விரலைக் குறுக்கே வைத்து வெறும் கிற்றாரில் வாசித்தால் ஒன்றுமில்லை. டொக், டொக் என்று கதவு தட்டின மாதிரி. அந்த இரண்டு சுரத்தையும் வீங்க வைத்து, கரகரக்க வைத்து, நீட்டிப்பிடிக்க வேறொன்று வேண்டும். அதற்குத்தான் அவன் சந்தி வேப்பமரத்தின் கீழ் றேடியோ திருத்துகிற நல்லதம்பியிடம் போனான்.

நல்லதம்பி நல்ல காலத்தில் ஒலிபெருக்கி பூட்டியவர். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான். அவருக்கு ஒரே ஒரு கௌரவம் இருந்தது: சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும்.

"கரகரக்க வேணுமோ? தம்பி, கரகரப்பை எடுக்கத்தானே சனம் என்னட்ட வாறது!"

"எனக்கு அது வேணும் அண்ணை."

"வைத்தியரிட்ட வந்து காய்ச்சல் வாங்கிற கதையாக் கிடக்கு."

என்றாலும் உதவினார். உடைந்த தொலைபேசிக் கைபிடியிலிருந்து காந்தத்தையும் கம்பிச் சுருளையும் எடுத்துக் கொடுத்தார். அதைக் கம்பிகளுக்குக் கீழே வைத்துக் கட்டினான். கீழ்க்கம்பி அறுந்து கனகாலம். சுடலைமுத்துவின் சைக்கிள் பிறேக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்து முறுக்கிப் பூட்டினான். கசற் றேடியோவுக்குள் நாடாவைத் தடவி வாசிக்கிற தலைக்குப் போகும் வயரில் சுருளின் வயரையும் சேர்த்து, ஒரு சின்ன ஆளி வைத்தான். ஒரு பக்கம் தட்டினால் கசற், மறுபக்கம் தட்டினால் கிற்றார். நாடாவின் சின்ன முணுமுணுப்பைப் பெருப்பிக்கவென்று செய்த வழியில் கிற்றாரை விட்டால், அது தாங்கமாட்டாமல் கத்தும் என்பது அவனுடைய எண்ணம்.

முதல் நாள் பின்னேரம். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. அமராவதி, சுடலைமுத்துவின் மனைவி, முற்றத்தில் சாக்கை விரித்துக் கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தாள். மார்கிறட் பக்கத்தில் குளத்துக்குப் போகிற வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூங்கில் ஊசி வலைக் கண்களுக்குள் போய் வந்தது. சுடலைமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். றொமேஸ் விரலைக் குறுக்கே வைத்து ஒரு இழுவை இழுத்தான்.

அமராவதி கடகத்தோடு பதுங்குகுழிப் பங்கருக்குள் பாய்ந்தாள். பக்கத்து வளவில் இரண்டு வீட்டுச் சனம் பாய்ந்தது. நாய் எல்லாருக்கும் முதல் பாய்ந்திருந்தது.

"ஏங்க! குண்டு போட எத்தன கிபிருங்க வந்துருக்கு?" பங்கருக்குள்ளிருந்து அமராவதி கேட்டாள்.

"ஒண்ணுதான். ஏறி வா. நம்ம தம்பி ஓட்டுது!"

"நாசமாப் போக! கச்சானெல்லாம் மண்ணு!"

சுடலைமுத்து சிரித்துச் சிரித்து மிதியிலிருந்து காலை வழுகவிட்டார். மார்கிறட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலியால் எட்டிப் பார்த்த முகங்களுக்கெல்லாம், "குறை நினையாதேங்கோ, பொடியன் தெரியாமல்…" என்று சொல்லிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "மெல்லமா அடி மோனை. வந்த இடத்தில பேர் கெட வேண்டாம்" என்றாள்.

"மெல்லமா அடிச்சால் அது வராது அம்மா."

அந்தக் கிழமை முழுக்க அவன் அதைத் தேடினான். காலையில் கச்சான் பிடுங்குவான். வெயில் ஏற, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தின்றுவிட்டு கிற்றாரோடு இருப்பான். கசற்றில் ஒருக்கால் கேட்பான். ஆளியைத் தட்டித் தான் ஒருக்கால் இழுப்பான். "இல்லை, இது தேனீ. அது புலி" என்பான். காந்தத்தை மேலே தள்ளுவான், கீழே தள்ளுவான். வலக்கையின் அடியைக் கம்பியில் வைத்து அழுத்தி வெட்டி வெட்டி அடிப்பான். வயர் தொடுப்பை நல்லதம்பி சொன்னபடியே மாற்றினான். பிறகு அவர் சொன்னதற்கு எதிராக மாற்றினான். அப்போதுதான் கூடுதலாக வந்தது. மிதி விசயத்திலும் அப்படித்தான். சுடலைமுத்து வேகமாக மிதித்தால் சத்தம் பெருத்தது. களைத்து மெதுவாக மிதித்தால், றேடியோ மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் மோசமாகக் கரகரத்தது.

"அப்ப நான் களைச்சாத்தான் ஒனக்கு நல்லது."

"ஓம் மாமா. நீங்கள் களைக்கிறதுதான் சங்கீதம்."

"இந்த வயசுல இப்பிடி ஒரு பேரு."

ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது என்பதை வியாழக்கிழமைதான் கண்டுபிடித்தான். றேடியோவின் ஸ்பீக்கர் கடதாசியில் ஒரு கிழிசல். இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து கிழிந்தது. இரண்டு சுரமும் சேர்ந்து தள்ளும்போது அந்தக் கிழிந்த விளிம்பு படபடவென்று அடித்து, சத்தத்துக்குப் பல் முளைக்க வைத்தது. விரலால் கிழிசலைப் பிடித்துப் பார்த்தான்; பல் போனது. விட்டான்; வந்தது. கசற்றைப் போட்டான். பிறகு தன்னுடையதை இழுத்தான்.

சுடலைமுத்து மிதித்தபடியே தலையை ஆட்டினார். "இப்ப ரெண்டும் ஒரு தாய் புள்ளங்க."

அன்று யாக்கோப்பு குளத்திலிருந்து வந்திருந்தார். கடலில் ஓடினவருக்குக் குளத்து மீன் மதிப்பில்லை. கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டு அதன் பக்கம் பார்க்கவும் மாட்டார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மகன் அடிப்பதைக் கேட்டார். கன நேரம் கேட்டார்.

"என்ன, உங்களுக்கும் விசரோ?" என்றாள் மார்கிறட்.

"இல்லையப்பா. எங்கயோ கேட்ட சத்தம் மாதிரிக் கிடக்கு."

"கிபிர்."

"கிபிர் இல்லை. இஞ்சேரும், இது நீர்."

"என்ன?"

"கரையில மீன் எடுக்கிற சம்மாட்டியோட நிறுவைக்குச் சண்டை பிடிக்கேக்க நீர் போடுற சத்தம். சுடலைமுத்தண்ணை, இவ வாய் திறந்தால் வெளிக்கடலில நிக்கிற வள்ளம் திரும்பிப் பாக்கும். தெரியுமோ?"

"அப்பிடிங்களா? நம்ம வளவுல அவங்க தண்ணி கேட்டாக்கூட ரெண்டு தரம் திருப்பிக் கேக்கணும். ஊமையோன்னு அமராவதி மொதல்ல பயந்துருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மார்கிறட் வலையைக் கையில் எடுத்துக் குனிந்துகொண்டாள். ஊசி ஒரே கண்ணுக்குள் இரண்டு தரம் போனது. அவிழ்த்துத் திரும்பப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் றொமேஸ் கடைசி வரி கச்சான் பிடுங்கப் போய்விட்டான். நல்லதம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி இல்லையோ, அக்கா? இண்டைக்குத்தானே மாஸ்ரர் வாறார். ஒருக்காப் பாத்துவிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

றேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றியவர், செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி நாக்கைத் தட்டினார்.

"பாருங்கோ அக்கா. இதோட எப்பிடிப் பொடியன் மாஸ்ரருக்கு முன்னால வாசிப்பான்? மானம் போகாதோ?"

சிகரெட் பெட்டிக்குள்ளிருந்த மெல்லிய கடதாசியை எடுத்தார். மாவில் பசை காய்ச்சித் தரச் சொன்னார். மார்கிறட் காய்ச்சிக் கொடுத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஊதி ஊதி, அவர் ஒட்டுகிற கைப்பக்குவத்தை அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். கிழிந்ததைக் கண்டால் பொத்தாமல் விடத்தெரியாத கை அவளுடையது. இன்னொரு கையில் அந்தக் குணத்தைக் கண்டதும் மனம் குளிர்ந்தது.

"வடிவாப் பொத்தியிருக்கிறாய், நல்லதம்பி."

"காசு ஒண்டும் வேண்டாம் அக்கா. பெருநாளுக்கு என்ர பங்கு."

பசை வெயிலில் காய்ந்ததும், அவரே மிதித்துக் கசற்றைப் போட்டுக் காட்டினார். தமக்கை மகன் முற்றத்தில் வந்து நின்று பேசுவது போலிருந்தது. இவ்வளவு நாளும் இருமல் என்று நினைத்தது அவனுடைய சிரிப்பு என்று மார்கிறட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கோப்பை நிறைய அவித்த கச்சான் கொடுத்தாள். நல்லதம்பி அதைத் தின்றுகொண்டு, தன்னுடைய வேலையை மாஸ்ரரும் கேட்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

றொமேஸ் கையில் மண் காயாமல் வந்து சேரவும் மாஸ்ரர் படலையைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"கிற்றாரைத் துடைச்சு வைச்சிருக்கிறீரோ, றொமேஸ்?"

"எடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்காக் கேளுங்கோ சேர். பிறகு நீங்களே முடிவைச் சொல்லுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது மோனை?"

"கேளுங்கோ."

சுடலைமுத்து சைக்கிளில் ஏறினார். றொமேஸ் விரலைக் குறுக்கே வைத்தான். வலக்கையை ஓங்கி இழுத்தான்.

வந்தது ஒரு மெல்லிய, கழுவித் துடைத்த, வெட்கப்பட்ட சத்தம். இரண்டு சுரம், துணை இல்லாமல் அம்மணமாக நின்றன. அவன் திரும்ப இழுத்தான். விரல் கம்பியில் வழுகுவதுகூடக் கேட்டது. குறுக்கே வைத்த ஒரு விரல் என்ன செய்கிறது, இல்லாத மூன்று விரல் எதைச் செய்யவில்லை என்பதெல்லாம் கண்ணாடிக்குள் பார்ப்பது போலத் தெரிந்தது.

"பாத்தீங்களோ மாஸ்ரர், என்ன துப்புரவு!" என்றார் நல்லதம்பி.

மாஸ்ரர் நிலத்தைப் பார்த்தார். "காணும் மோனை. நீர் முயற்சி செய்திருக்கிறீர். எனக்கு விளங்குது."

றொமேஸ் எழும்பிப் போய் றேடியோவின் பின்னால் எட்டிப் பார்த்தான். வெள்ளைக் கடதாசி ஒட்டு.

"ஆர் பொத்தினது?"

"நான்தான் தம்பி. அம்மாதான் பசை காய்ச்சித் தந்தவா."

அவன் தாயைப் பார்த்தான். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாயிருந்திருக்கும். அவன் ஏசவில்லை. ஆளியைத் தட்டி நிறுத்திவிட்டு, கிற்றாரை இரண்டு கையாலும் மாஸ்ரர் பக்கம் நீட்டினான்.

மாஸ்ரரின் கை அதைப் பிடிக்கிறதுக்குள் மார்கிறட் எழும்பிவிட்டாள். மடியிலிருந்த வலை காலில் சிக்கி இழுபட்டது. கையில் மூங்கில் ஊசி.

"விடுங்கோ மாஸ்ரர். அதைத் தொடாதேங்கோ."

"மார்கிறட்…"

"பொறுங்கோ எண்டிறன்!"

அவள் றேடியோவின் பின்னால் முழங்காலில் இருந்தாள். ஒட்டின இடத்தில் ஊசியை வைத்தாள். பிறந்தநாள் தொட்டு ஒரு கிழிசலைப் பெருப்பித்து அறியாத கை. ஒரு கணம் நின்றது. பிறகு குத்தி, ஒரு முழு மீனை வகிர்வதுபோல இழுத்தாள். முந்திக் கிழிந்ததைவிட நீளமாகக் கிழிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"ஐயோ அக்கா!" நல்லதம்பி தலையில் கை வைத்தார். கச்சான் கோது சிதறியது.

"அழாத நல்லதம்பி. உன்ர வேலை திறமான வேலை. அதுதான் பிழைச்சது." மகன் பக்கம் திரும்பினாள். "அடி!"

"அம்மா, மெல்லமா…"

"மெல்லமாவோ? ஆரின்ர வீட்டுக் கதை? அடியடா எண்டிறன்!"

அவன் அடித்தான்.

கொட்டிலின் தறப்பாள் நடுங்கியது. மீன்பெட்டியில் கிடந்த கிலுக்கு ஆரும் தொடாமலே சிலுங்கியது. ஒரு விரல், இரண்டு சுரம். அது வேலியைத் தாண்டி, குச்சொழுங்கையைத் தாண்டி, சந்தி வரைக்கும் போனது. அமராவதி பங்கர் வாசல் வரைக்கும் ஓடி, அங்கே நின்று, இடுப்பில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வளவுச் சனம் வேலிக்கு வந்தது. இந்தத் தரம் ஒருவரும் பங்கருக்குள் இறங்கவில்லை. நாய் மட்டும் போனது. அதுவும் பாதியில் ஏறி வந்தது.

றொமேஸ் நிறுத்தினான்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூசைக்குள்ள இதை விடேலாது."

"ஏன் விடேலாது?" என்றாள் மார்கிறட். அந்தக் குரலைக் கேட்டு யாக்கோப்பு கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். "அந்தோனியாருக்குக் காது கேளாதோ? அவரையும் உழவு இயந்திரத்தில ஏத்தித்தானே கொண்டந்தனாங்கள்? வழியில விழுந்ததெல்லாம் அவரும் கேட்டவர்தானே? என்ர பிள்ளை கிலுக்குப் பிடிக்க மாட்டான். விரல் போனது போனதுதான். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச்சொல்லி எங்களுக்கு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. கிற்றார் இஞ்சதான் நிக்கும்!"

"எட மார்கிறட், என்னைச் சொல்ல விடுமன்" என்றார் மாஸ்ரர். அவருடைய கால் இன்னும் புழுதியில் தாளம் தட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "முந்தி ஊர்வலத்துக்கு அந்தோனியாரின்ர சுருவம் வெளிக்கிடேக்க வெடி கொளுத்துவம். கரை முழுக்கக் கேக்கும். இந்த வருசம் வெடிக்கு எங்க போறது? கொளுத்தினாலும் சனம் செத்துப்போகும். வெடி இல்லாமல் சுருவத்தைத் தூக்கிறதெப்பிடி எண்டு நான் நித்திரையில்லாமல் இருந்தனான்." றொமேசைப் பார்த்தார். "சுருவம் வாசலால வரேக்க இதை அடிப்பீரோ? அங்கயிருந்து சந்தி சுத்தி வருமட்டும்?"

"அடிப்பன் சேர். ஆனால் சைக்கிள்?"

"வண்டில்ல ஏத்திருவோம்" என்றார் சுடலைமுத்து. "வண்டி முன்னால போகும். நான் மேல ஒக்காந்து எங்கயும் போகாம மிதிப்பேன். எனக்குத்தான் பிரேக் கம்பியும் இல்லியே, நிக்கிற கவலையே இல்ல!"

"பூசைக்குள்ள சூசையின்ர மகன் என்னத்தை வாசிக்கிறது?" மாஸ்ரர் தனக்குள்ளே கேட்டார். பிறகு பெட்டியிலிருந்த கிலுக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதைக் குடுப்பம். இதுவும் ஒரு வாத்தியந்தானே."

படலை வரை போனவர் திரும்பினார்.

"எண்டாலும் கொஞ்சம் மெல்லமா, மார்கிறட். நாங்கள் புதுசா வந்து இருக்கிற ஊர்."

"ஒரு வருசம் மெல்லமா இருந்து பாத்திட்டன் மாஸ்ரர். அது எனக்குச் சரிவரேல்லை."

அவளோடு கதைத்துப் பயனில்லை என்று கண்ட மாஸ்ரர் சைக்கிளில் இருந்தவரைப் பார்த்தார். "அப்ப நீராவது கொஞ்சம் மெதுவா மிதியும் சுடலைமுத்து."

சுடலைமுத்து றொமேசைப் பார்த்தார். றொமேஸ் விரலைக் குறுக்கே வைத்தான்.

"மெதுவாத்தானேங்க?" என்றார் சுடலைமுத்து, நல்ல பிள்ளையாட்டம். "ஆகட்டுங்க. மெதுவாவே மிதிக்கிறேன்."